டிஎன்எஸ் சர்வரிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள்: என்எஸ்லுக்அப் பழகப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு சப்டொமைன் போட்டுவிட்டு, இதோ வரும் இதோ வரும் என்று ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் நான். பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் நான் சேர்த்த ரெக்கார்ட் (இந்தப் பெயருக்கு இந்த ஐபி என்ற பதிவு) சரியாகத்தான் இருந்தது, அதை வைத்திருக்கும் நேம் சர்வரும் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, தப்பு என் அவசரத்தில். ரெக்கார்டைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே "வந்துவிட்டதா பார்ப்போமே" என்று ஒருமுறை தேடிவிட்டேன். "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று கிடைத்த பதிலை நான் பயன்படுத்தும் ரிசால்வர் (நமக்காகப் பெயரைத் தேடிப் பதில் வாங்கித் தரும் சர்வர்) பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு ஒரு சர்வரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க உதவுவதுதான் என்எஸ்லுக்அப். பெயரில் உள்ள என்எஸ் என்பது நேம் சர்வர், லுக்அப் என்பது தேடல். பிரவுசர், பிங் எல்லாம் "இந்தப் பெயருக்கு ஐபி என்ன" என்று உங்கள் சிஸ்டத்திடம் கேட்கும். சிஸ்டம் தன் கேஷில் (முன்பு கிடைத்த பதில்களின் நினைவில்) பார்க்கும், பெயரும் ஐபியும் கையால் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பார்க்கும், கடைசியில்தான் வெளியே போய் யாரிடமாவது கேட்கும். என்எஸ்லுக்அப்புக்கு இந்த இடைத்தரகர்கள் கிடையாது. கேஷையும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் தாண்டி நேராக ஒரு டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வியை அனுப்பி, வந்த பதிலை அப்படியே காட்டும். அதனால்தான் சில நேரம் பிங் ஒரு ஐபியைச் சொல்லும், இது வேறொன்றைச் சொல்லும். இரண்டுமே உண்மைதான், கேட்ட இடம்தான் வேறு. டிஎன்எஸ் சோதனை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: என்ன பதில் வந்தது என்று பார்க்கும் முன், யார் சொன்னது என்று பாருங்கள்.

ஒரு வார்த்தை: கட்டளைகளை இங்கே ஒலிக்கிற மாதிரி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், சின்ன எழுத்தே போதும். என், எஸ் என்ற இரண்டு எழுத்தையும் லுக்அப் என்ற சொல்லோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால் கருவியின் பெயர். எக்ஸாம்பிள்.காம் என்று வரும் இடத்தில் உங்கள் சொந்த டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம் மூலம் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அதைக் கேட்டுப் பார்த்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

உள்ளே போவது

விண்டோஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸில் இல்லையென்றால் டெபியன், உபுண்டு வகையில் டிஎன்எஸ்யூட்டில்ஸ் என்ற பேக்கேஜையும், ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் பைண்ட்-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜையும் நிறுவுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டையோ டெர்மினலையோ திறந்து, பின்னால் எதுவும் சேர்க்காமல் கருவியின் பெயரை மட்டும் அடித்து எண்டர் தட்டுங்கள்.

என்எஸ்லுக்அப்

விண்டோஸில் "டிஃபால்ட் சர்வர்" என்று ஒரு பெயரும் அதன் கீழே ஒரு முகவரியும் வரும், பிறகு > என்ற குறி வந்து நிற்கும். லினக்ஸிலும் மேக்கிலும் அந்தக் குறி மட்டும்தான். இந்தக் குறி வந்துவிட்டால் நீங்கள் உரையாடும் முறைக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் கருவியின் பெயரை அடிக்க வேண்டாம். கேள்வியை மட்டும் அடித்தால் போதும், வைத்த செட்டிங்கும் தேர்ந்த சர்வரும் நீங்கள் மாற்றும்வரை அப்படியே இருக்கும். இது வசதி, இதுவே வம்பும் கூட, கீழே வருகிறேன்.

விண்டோஸில் பெயர் வர வேண்டிய இடத்தில் "அன்நோன்" என்று வந்தால் பதற வேண்டாம். சர்வரின் ஐபியை வைத்து அதன் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறது, அந்த ஐபிக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் ரெக்கார்ட் இல்லை, அவ்வளவுதான். வீட்டு ரவுட்டரை டிஎன்எஸ்ஸாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பார்கள். சர்வர் வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முகவரி வரியை மட்டும் ஒரு கணம் நின்று படியுங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். நவீன லினக்ஸ் பலவற்றில், ஒரு கேள்வி கேட்டதும் வரும் பதிலின் தலைப்பில் 127.0.0.53 என்று இருக்கும். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு சின்ன ரிசால்வர், கேள்வியை வாங்கி வேறு எங்கோ அனுப்புகிறது, கேஷும் வைத்திருக்கிறது. அதாவது நேராகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவரிடமே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

முதல் கேள்வி, கடைசியில் ஒரு புள்ளி

> எக்ஸாம்பிள்.காம்.

கடைசியில் இருக்கும் புள்ளி அச்சுப்பிழை இல்லை. இந்தப் புள்ளிக்காக நான் ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அலுவலக நெட்வொர்க்குகளில் கணினிக்கு ஒரு டொமைன் பின்னொட்டு கொடுத்திருப்பார்கள், உதாரணத்துக்கு ஆபீஸ்.எக்ஸாம்பிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்எஸ்லுக்அப், புள்ளியில் முடியாத எந்தப் பெயரைக் கொடுத்தாலும் முதலில் அந்தப் பின்னொட்டை ஒட்டித்தான் கேட்டுப் பார்க்கும். நீங்கள் கேட்டது எக்ஸாம்பிள்.காம், அது கேட்டது எக்ஸாம்பிள்.காம்.ஆபீஸ்.எக்ஸாம்பிள். பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்காது, அடுத்து சரியான பெயரைக் கேட்டுப் பதில் வாங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பின்னொட்டு டொமைனில் யாராவது நட்சத்திரக்குறி போட்டு "எந்தப் பெயர் வந்தாலும் இந்த ஐபி" என்று ஒரு வைல்ட்கார்ட் ரெக்கார்ட் வைத்திருந்தால் தொலைந்தது: உலகத்தில் எந்தத் தளத்தைக் கேட்டாலும் ஒரே ஐபி வரும். பிரவுசரில் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும், இதில் மட்டும் எல்லாம் தப்பு. பதிலில் "நேம்" என்ற வரியை நன்றாகப் பார்த்தால் வால் ஒட்டியிருப்பது தெரியும். புள்ளி வைத்தால் "பெயர் இத்தோடு முடிந்தது" என்று பொருள், ஒட்டு வேலை நடக்காது. பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வைக்கச் சோம்பலாக இருந்தால் உள்ளே நுழைந்ததும் "செட் நோசர்ச்" என்று கொடுத்துப் பார்க்கலாம், எனக்கென்னவோ புள்ளியில்தான் நம்பிக்கை.

சரி, பதில் இப்படி வரும்: மேலே சர்வரும் அதன் முகவரியும், அதாவது சொன்னது யார் என்பது. பிறகு ஒரு வரி, "நான்-ஆதரிட்டேட்டிவ் ஆன்சர்". அதன் கீழே பெயரும் ஐபி முகவரிகளும்.

நான்-ஆதரிட்டேட்டிவ் என்று பார்த்ததும் பதில் நம்பகமில்லை என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய. அது பிழைச் செய்தி இல்லை. "இந்த டொமைனின் சொந்தக்கார சர்வர் நான் இல்லை, அவரிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொல்கிறேன்" என்று சர்வர் சொல்கிறது. இப்போது கேட்டதாக இருக்கலாம், நேற்றுக் கேட்டதாகவும் இருக்கலாம், சிக்கல் அங்கேதான். டொமைனின் சொந்த நேம் சர்வரிடமே கேட்டால் இந்த வரி வராது.

ஆளை மாற்றிக் கேட்பது

உரையாடும் முறையின் உயிர் இந்தக் கட்டளையில்தான் இருக்கிறது.

> சர்வர் 8.8.8.8
> எக்ஸாம்பிள்.காம்.
> சர்வர் 1.1.1.1
> எக்ஸாம்பிள்.காம்.

8.8.8.8 கூகுளின் பொது ரிசால்வர், 2009 டிசம்பரில் வந்தது, 1.1.1.1 கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1 அன்று திறந்தது. வேண்டுமானால் குவாட்9-இன் 9.9.9.9 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொல்லி, உங்கள் ரவுட்டர் மட்டும் வேறு சொன்னால் கோளாறு உங்கள் பக்கம். மூவரும் ஆளுக்கொன்று சொன்னால் உடனே முடிவுக்கு வராதீர்கள்: பெரிய தளங்கள் கேட்பவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு ஐபி கொடுப்பது சாதாரணம். உங்கள் சொந்தச் சின்ன டொமைனுக்கு அப்படி வந்தால் மட்டும் பழைய பதில் எங்கோ கேஷில் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

எந்த ஐபிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, பெயருக்குப் பதிலாக ஐபியையே அடியுங்கள். 8.8.8.8 என்று கேட்டால் டிஎன்எஸ்.கூகுள் என்று வரும், 1.1.1.1 என்று கேட்டால் ஒன்.ஒன்.ஒன்.ஒன். (இப்படி ஒரு பெயர் வைக்கலாம் என்று யோசித்தவரைப் பார்த்தால் கை கொடுக்க வேண்டும்.)

நுழையும்போதே வேறு சர்வரோடு நுழைய வேண்டுமானால், கருவியின் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, மறுபடி ஒரு இடைவெளி, பிறகு சர்வரின் முகவரி:

என்எஸ்லுக்அப் - 8.8.8.8

என்ன வேண்டும் என்று சொல்லிக் கேட்பது

எதுவும் சொல்லாமல் விட்டால் அது ஐபி முகவரியைத்தான் தேடும். மெயில் எங்கே போகிறது என்று பார்க்க:

> செட் டைப்=எம்எக்ஸ்
> எக்ஸாம்பிள்.காம்.

எம்எக்ஸ் ரெக்கார்டில் ஒரு எண்ணும் ஒரு சர்வர் பெயரும் இருக்கும். எண் சிறியதாக இருப்பவருக்கே முதல் மரியாதை, அவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவர். எண் 0 ஆகவும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளியோ வெற்றிடமோ இருந்தால் ரெக்கார்ட் உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், "இந்த டொமைன் மெயில் வாங்காது" என்று வேண்டுமென்றே எழுதி வைப்பதற்கான முறை அது.

இதே மாதிரி என்எஸ் என்று போட்டால் டொமைனின் நேம் சர்வர்கள், டிஎக்ஸ்டி என்றால் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) போன்ற எழுத்து வடிவ விவரங்கள், ஏஏஏஏ என்றால் ஐபிவி6 முகவரி, சிநேம் என்றால் மாற்றுப்பெயர், எஸ்ஓஏ என்றால் டொமைனின் தலைப்பேடு. ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பவர்கள் எஸ்ஆர்வி போட்டு டொமைன் கன்ட்ரோலர்களைத் தேடலாம். "ஏஎன்ஒய் போட்டால் எல்லாம் ஒரே அடியாக வந்துவிடுமே" என்று தோன்றும். எதிர்பார்க்காதீர்கள், தாக்குதலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பல சர்வர்கள் அதற்கு முழுப் பதில் தருவதை நிறுத்திவிட்டன, 2019-இல் ஆர்எஃப்சி 8482 அதற்கு முறையாக வழியும் செய்து கொடுத்தது.

மேலே வம்பு என்றேனே, அது இதுதான். எம்எக்ஸ் என்று ஒருமுறை வைத்துவிட்டால் நீங்கள் மாற்றும்வரை எல்லாக் கேள்வியும் எம்எக்ஸ் கேள்விதான். பத்து நிமிடம் கழித்து அதை மறந்துவிட்டு ஒரு வெப் சர்வரின் பெயரைக் கேட்பீர்கள், ஐபி வராது, அந்தப் பெயருக்கு மெயில் ரெக்கார்ட் இல்லை என்பதைச் சுற்றி வளைத்து ஏதோ ஒரு வரி வரும், சர்வர் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். பதில் விநோதமாக இருந்தால் முதல் வேலை:

> செட் ஆல்

இப்போது எந்த சர்வர், எந்த டைப், எந்த போர்ட், எத்தனை நொடி காத்திருப்பு என்று எல்லாவற்றையும் கொட்டும். பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பட்டியலிலேயே நிற்பார். திரும்ப ஐபி தேடலுக்குப் போக "செட் டைப்=ஏ".

உண்மையான சோதனை: வேரிலிருந்து இறங்கி வருவது

இதுவரை கேட்டதெல்லாம் அடுத்தவர் வாய்வழிச் செய்தி. ஒரு டொமைனை நீங்கள் நடத்துகிறீர்கள், அல்லது நேம் சர்வரை மாற்றியிருக்கிறீர்கள் என்றால் ரிசால்வர்களை விட்டுவிட்டு, அவர்கள் நடக்கும் பாதையில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். டிஎன்எஸ்ஸின் அடிப்படை அமைப்பு 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதியது, 1987-இல் ஆர்எஃப்சி 1034, 1035 என்று இன்றைய வடிவம் பெற்றது. அதன்படி எந்த ஒரு சர்வருக்கும் எல்லாம் தெரியாது, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் முகவரி மட்டும் தெரியும். உச்சியில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் ரூட் சர்வர்கள்.

> செட் நோரிகர்ஸ்
> செட் டைப்=என்எஸ்
> சர்வர் 198.41.0.4
> எக்ஸாம்பிள்.காம்.

198.41.0.4 என்பது ஏ ரூட் சர்வர். நோரிகர்ஸ் என்றால் "எனக்காகப் போய்த் தேடிக்கொண்டு வராதே, உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்" என்று பொருள். ரூட் சர்வருக்கு எக்ஸாம்பிள்.காம் பற்றி ஒன்றும் தெரியாது, டாட் காம் யார் பொறுப்பு என்று மட்டும் தெரியும், ஆகவே ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் என்று முடியும் 13 பெயர்களைக் கொடுக்கும். லினக்ஸில் இதற்கு மேலே "நோ ஆன்சர்" என்று ஒரு வரி வந்து பயமுறுத்தும், அதை விட்டுவிட்டு அதன் கீழே "ஆதரிட்டேட்டிவ் ஆன்சர்ஸ் கேன் பி ஃபவுண்ட் ஃப்ரம்" என்பதற்குப் பிறகு வருவதைப் படியுங்கள். அந்தப் பட்டியலில் முதல் ஆளைப் பிடியுங்கள்:

> சர்வர் 192.5.6.30
> எக்ஸாம்பிள்.காம்.

இவர் ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட். இவர் கொடுப்பதுதான் உங்கள் டொமைனை விற்ற பதிவாளர் மூலம் மேலே பதியப்பட்டிருக்கும் நேம் சர்வர்கள். நேம் சர்வரை மாற்றிவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் மேலே போய்ச் சேர்ந்ததா என்பது இங்கே தெரிந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்ததை நம்பி இரண்டு நாள் காத்திருப்பதைவிட இந்த நாலு வரி மேல்.

கடைசிப் படி, அங்கே வந்த நேம் சர்வர்களில் ஒருவரிடம் போய் "செட் டைப்=ஏ" வைத்து உங்கள் தளத்தின் பெயரைக் கேளுங்கள். நான்-ஆதரிட்டேட்டிவ் வரி இல்லாமல் ஐபி வந்தால் மூலத்தில் எல்லாம் சரி, இனி தாமதம் எங்கிருந்தாலும் அது அடுத்தவர் கேஷில்தான்.

இந்த இறக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. சர்வர் கட்டளைக்கு ஐபி கொடுக்காமல் பெயரைக் கொடுத்தால், விண்டோஸில் அந்தப் பெயரின் ஐபியை இப்போது தேர்ந்திருக்கும் சர்வரிடமே கேட்கும். அவரோ ரூட் சர்வர், நீங்களோ நோரிகர்ஸ் வைத்திருக்கிறீர்கள். ஐபி கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்போது சர்வர் என்பதற்கு முன்னால் எல் என்ற ஒரு எழுத்தை ஒட்டி "எல்சர்வர்" என்று கொடுங்கள், கருவியைத் திறந்தபோது இருந்த பழைய சர்வரிடம் போய் ஐபி விசாரித்துவிட்டு வரும். செத்துப்போன சர்வருக்கு மாறிவிட்டுத் திரும்ப வழி தெரியாமல் நிற்கும்போதும் இதுவே கயிறு. வேலை முடிந்ததும் "செட் ரிகர்ஸ்" போட மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்து 8.8.8.8-இடம் கேட்கும் கேள்விகளுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

ஒரே டொமைனுக்கு இரண்டு மூன்று நேம் சர்வர் இருந்தால் ஒவ்வொருவரிடமும் எஸ்ஓஏ கேளுங்கள். பதிலில் "சீரியல்" என்று ஒரு எண் இருக்கும். பலர் அதை தேதியோடு இரண்டு இலக்கம் சேர்த்து, 2024031502 என்கிற மாதிரி வைப்பார்கள். முதன்மை சர்வரில் ஒரு எண்ணும் துணை சர்வரில் பழைய எண்ணும் இருந்தால், மாற்றம் துணைக்குப் போய்ச் சேரவில்லை. "சில பேருக்குத் திறக்கிறது, சில பேருக்குத் திறக்கவில்லை" என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொரு வகையும் உண்டு: பட்டியலில் பெயர் இருக்கும், போய்க் கேட்டால் "க்வெரி ரெஃப்யூஸ்ட்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும், அந்த டொமைன் தன்னிடம் இருப்பதே அதற்குத் தெரியாது.

எஸ்ஓஏவிலேயே கடைசி வரியையும் பார்த்து வையுங்கள். விண்டோஸில் "டிஃபால்ட் டிடிஎல்" என்றும் மற்றவற்றில் "மினிமம்" என்றும் இருக்கும். முதலில் சொன்ன என் கதைக்கு வில்லன் இந்த எண்தான். "இல்லை" என்ற பதிலை ரிசால்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதை, 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308-இன்படி, இந்த எண்ணும் எஸ்ஓஏ ரெக்கார்டின் சொந்த டிடிஎல்லும் (ஒரு ரெக்கார்டை எத்தனை நொடி கேஷில் வைத்திருக்கலாம் என்ற எண்) சேர்ந்து தீர்மானிக்கின்றன, இரண்டில் எது சிறியதோ அது. எனக்கு 3600 இருந்தது, அதாவது சரியாக ஒரு மணி நேரம். நான் ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன், அது என் கணினியின் கேஷை மட்டும்தான் துடைக்கும். என்எஸ்லுக்அப் அந்தக் கேஷைப் பார்ப்பதே இல்லை, ரிசால்வர் எங்கோ தூரத்தில் இருக்கிறது, பிறகு எப்படிப் பலிக்கும்?

டிடிஎல் குறைவதைக் கண்ணால் பார்ப்பது

> செட் டீபக்
> எக்ஸாம்பிள்.காம்.

இப்போது பதில் நீளமாக வரும். விண்டோஸில் மேலே ஹெடர் பகுதியில் ஆர்கோட் என்று முடிவுக் குறியீடும், "ஆத். ஆன்சர்" இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். நாம் தேடுவது டிடிஎல். ரிசால்வரிடம் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 280 என்று வைப்போம். பத்து நொடி விட்டு மேல் அம்புக்குறியைத் தட்டி அதையே மறுபடி கேளுங்கள், 270 என்று வந்தால் கேஷிலிருந்து சொல்கிறது, இன்னும் 270 நொடியில் அதை மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும். சொந்த நேம் சர்வரிடம் கேட்டால் எத்தனை முறை கேட்டாலும் எண் குறையாமல் முழுசாக நிற்கும். 8.8.8.8 போன்ற இடங்களில் எண் ஏறியும் இறங்கியும் குதிக்கும், ஒரே ஐபிக்குப் பின்னால் பல இயந்திரங்கள், ஆளுக்கொரு கேஷ். முடிந்ததும் "செட் நோடீபக்".

பதில் வராதபோது

பதில் வராமைக்கும் பல வகை உண்டு, ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். "நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்" அல்லது என்எக்ஸ்டொமைன் என்றால் சர்வர் நன்றாக இருக்கிறது, பெயர்தான் இல்லை, எழுத்துப்பிழையைத் தேடுங்கள். சர்வ்ஃபெயில் என்றால் சர்வர் முயன்று தோற்றிருக்கிறது, மேலே உள்ள நேம் சர்வர்கள் பதில் சொல்லவில்லை அல்லது பதில் போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பம் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். ரெஃப்யூஸ்ட் என்றால் உங்களுக்குப் பதில் சொல்ல அதற்கு விருப்பமில்லை. "டைம்ட் அவுட்" மட்டும்தான் ஆளையே காணோம் என்ற வகை: சர்வர் ஓடவில்லை, அல்லது வழியில் ஃபயர்வால். விண்டோஸில் இயல்பாக 2 நொடிதான் காத்திருக்கும், தொடர்பு மெதுவாக இருந்தால் "செட் டைம்அவுட்=10" வைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாக யூடிபி என்ற எளிய அனுப்பும் முறையில் போர்ட் 53-இல் போகும், பதில் பெரிதாகி அதில் அடங்காவிட்டால் முதலில் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் டிசிபி முறைக்கு மாறும். சில ஃபயர்வால்களில் யூடிபியைத் திறந்து டிசிபியை மூடி வைத்திருப்பார்கள். சின்னப் பதில் எல்லாம் வரும், நீளமான டிஎக்ஸ்டி ரெக்கார்ட் மட்டும் வராது, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். விர்ச்சுவல் சர்க்யூட் என்பதன் சுருக்கமான விசியைக் கொண்டு "செட் விசி" என்று கொடுத்தால் கேள்வி டிசிபி வழியாகவே போகும். அதில் டைம்அவுட் ஆகி, "செட் நோவிசி" போட்டதும் பதில் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று:

> சர்வர் 192.0.2.1
> எக்ஸாம்பிள்.காம்.

192.0.2 என்று தொடங்கும் முகவரிகள் ஆவணங்களில் உதாரணம் காட்ட மட்டும் ஒதுக்கப்பட்டவை, இணையத்தில் அங்கே எந்த சர்வரும் இருக்க முடியாது. எனவே டைம்அவுட் வர வேண்டும், அதுதான் ஆரோக்கியம். பதில் வந்துவிட்டால்? நீங்கள் எந்த முகவரிக்கு அனுப்பினாலும் போர்ட் 53-இல் போகும் கேள்வியை நடுவில் யாரோ மறித்து, தானே பதில் எழுதி அனுப்புகிறார்கள். அந்த நெட்வொர்க்கில் இருக்கும்வரை 8.8.8.8 சொன்னது, 1.1.1.1 சொன்னது என்று நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த ஒருவர் சொன்னதே. ஒருமுறை ஒரு தங்குமிடத்தின் வைஃபையில் உட்கார்ந்து மூன்று ரிசால்வர்களும் அச்சு அசலாக ஒரே தப்பான ஐபியைச் சொல்வதைப் பார்த்து, என் சர்வரைத்தான் யாரோ உடைத்துவிட்டார்கள் என்று பதறி, கடைசியில் இந்தச் சோதனை போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பிரவுசர்கள் இப்போது டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைத்துத் தாமே ஒரு ரிசால்வருக்கு அனுப்பலாம். என்எஸ்லுக்அப் அந்த வழியைத் தொடாது, வெறும் போர்ட் 53 மட்டும்தான். இதில் ஒரு ஐபி, பிரவுசரில் வேறு ஐபி என்றால் பிரவுசரின் பாதுகாப்பு டிஎன்எஸ் செட்டிங்கை ஒரு கண் பாருங்கள்.

சில உதிரிகள்

எல்எஸ் என்றொரு கட்டளை உண்டு, ஒரு டொமைனில் உள்ள எல்லாப் பெயரையும் கொட்டச் சொல்வது. விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் சர்வர் அனுமதித்தால். வெளியாளுக்கு அனுமதிக்கவே கூடாது, ஆகவே உங்கள் சொந்த சர்வரிடம் வெளியிலிருந்து கேட்டுப் பார்த்து மறுப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள்.

தேட வேண்டிய கணினியின் பெயரே ஹெல்ப் அல்லது ரூட் என்று இருந்துவிட்டால் கருவி அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும்.

"அதெல்லாம் பழசு, டிக் என்று ஒன்று இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். டிக் நல்ல கருவிதான், இன்னும் விவரமாகக் காட்டும், லினக்ஸில் நானும் அதைத்தான் அதிகம் தொடுகிறேன். பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளின் 9-ஆம் பதிப்பு வந்த புதிதில் என்எஸ்லுக்அப்பைக் கைவிடப் போவதாக அதை உருவாக்குபவர்களே அறிவித்திருந்தார்கள், 2004-இல் 9.3 பதிப்போடு அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் விண்டோஸ் கணினி முன் உட்கார்ந்து, எதையும் நிறுவ அனுமதி இல்லாமல், பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டு "என்ன ஆச்சு" என்று கேட்கும்போது கைக்குக் கிடைப்பது இதுதான்.

வெளியே வர "எக்ஸிட்". வைத்த செட்டிங் எல்லாம் அதோடு போய்விடும், அடுத்த முறை திறக்கும்போது மறுபடி உங்கள் ரவுட்டரிடம்தான் கேட்கும், ஆகவே முதல் பதிலின் மேலே இருக்கும் சர்வர் முகவரியிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.